விழுந்தது என்று எழுதிய கை

பாரில் எனக்கு வேலை கிடைத்தது சாராயம் ஊற்றத் தெரியும் என்பதற்காக அல்ல. உடைந்த மண்டையைத் தைக்கத் தெரியும் என்பதற்காக.

அப்போது நான் தோட்டத்து டிஸ்பென்சரியில் உதவியாளாக இருந்தேன். டொக்டர் ஐயா மூன்று தோட்டங்களைப் பார்க்க வேண்டியவர். எங்களுக்கு வாரத்தில் இரண்டு நாள்தான் வருவார். மற்ற நாட்களில் டொக்டரும் நான், தாதியும் நான், கூட்டிப் பெருக்குகிறவனும் நான். காய்ச்சலுக்குக் குளிசை கொடுப்பேன். அட்டைக் கடிக்கு மருந்து தடவுவேன். தேயிலைச் செடியைக் கவ்வாத்து வெட்டும்போது கத்தி பட்டு வருகிறவர்களுக்குக் கட்டுப் போடுவேன். தையல் போடலாம் என்று எனக்கு யாரும் சான்றிதழ் தரவில்லை. ஐயா போடுவதைப் பக்கத்தில் நின்று பார்த்தேன். ஒருநாள் அவர் வராதபோது நானே போட்டேன், காயமும் ஆறிவிட்டது. அவ்வளவுதான் என் படிப்பு.

டிஸ்பென்சரியில் ஒரு பெரிய ரெஜிஸ்டர் உண்டு. பெயர், வயது, எந்த லயத்து வீடு, என்ன வருத்தம், எப்படி வந்தது, என்ன மருந்து. 'எப்படி வந்தது' என்ற கட்டத்தில் நான் அதிகம் எழுதிய சொல் 'விழுந்தது'. விறகுக்குப் போய் விழுந்தது. படியில் விழுந்தது. தண்ணீர் ஓடும் கானுக்குள் விழுந்தது. அடித்தது என்று எழுதினால் பொலிசுக்குச் சொல்ல வேண்டும். பொலிஸ் வந்து ஆளைக் கொண்டுபோனால், அடுத்த நாள் அடிபட்டவளே அழுதுகொண்டு வந்து “ஏன் தம்பி எழுதினீங்க?” என்று கேட்பாள். எனக்கு முன்னால் இருந்தவரும் இப்படித்தான் எழுதியிருக்கிறார். பழைய ரெஜிஸ்டர்களைப் புரட்டினால், எங்கள் தோட்டத்துச் சனத்தைப் போல வழுக்கி விழுகிற சனம் உலகத்தில் எங்குமே இல்லை என்று நினைப்பீர்கள்.

சாமான் விலை தாறுமாறாக ஏறிய வருஷம் வந்தது. முதலில் பால்மாவை நிறுத்தினோம், பிறகு காலையில் தின்னும் பாணைக் குறைத்தோம், பிறகு மகளை டியூசனிலிருந்து நிறுத்தலாமா என்று பேச ஆரம்பித்தோம். என் மனைவி மலையில் கொழுந்து எடுக்கிறவள். காலையில் பேர் பதியும் பெரட்டுக்குப் போனால் அந்திக்குத்தான் திரும்புவாள். அவளால் அதற்கு மேல் முடியாது. மேல்வருமானம் என்று ஒன்று வருவதானால் அது என்னிடமிருந்துதான் வர வேண்டியிருந்தது.

அந்த நேரத்தில்தான் ஒரு சனிக்கிழமை காலை, கடைவீதியில் பார் வைத்திருந்த சிங்கள முதலாளி ஒரு ஆளை வேனில் ஏற்றிக்கொண்டு டிஸ்பென்சரிக்கு வந்தார். அந்த ஆளின் தலையில் யாரோ போத்தலை உடைத்திருந்தார்கள். முதலாளி பெரிய உடம்புக்காரர், ஆனால் பிள்ளையைத் தூங்க வைப்பது போல மெதுவாகப் பேசுவார்.

“மல்லி, எழுதாம தைக்க ஏலுமா?” என்று சிங்களத்தில் தம்பி முறை சொல்லிக் கேட்டார்.

தைத்தேன். கண்ணாடித் துண்டுகளை ஒவ்வொன்றாக எடுத்துக் கிண்ணத்தில் போட்டபோது அவர் என் விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தார். முடிந்ததும், சனி ஞாயிறுகளில் பாரில் வந்து நிற்கிறாயா என்று கேட்டார். எனக்கு ஊற்றத் தெரியாது, குடிக்கிற பழக்கமும் இல்லை என்றேன்.

“ஊத்துறது யாருக்கும் ஏலும் மல்லி. தைக்கிறதுக்குத்தான் ஆள் இல்ல. ஆஸ்பத்திரிக்கு அனுப்பினா அங்க பொலிஸ் இருக்கு. பொலிஸ் வந்தா என்ட லைசன் போகும்.”

வீட்டில் சொன்னதும் மனைவி அடுப்பை ஊதுவதை நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தாள். “நம்ம லயத்து ஆளுகளுக்கா ஊத்தப் போறீங்க?” என்று கேட்டாள். நான் ஊற்றாவிட்டால் இன்னொருவன் ஊற்றப் போகிறான் என்றேன். சாராயம் விற்கிற எவனும் சொல்வதுதான். அவள் திரும்பவும் அடுப்பை ஊதத் தொடங்கினாள்.

சனிக்கிழமை பகல் டிஸ்பென்சரியைப் பூட்டிவிட்டு நேரே பாருக்குப் போவேன். ஞாயிறு காலையிலிருந்து அந்தி மயங்கும்வரை அங்கேதான். கவுண்டருக்கு மேலே கம்பி வலை, நடுவில் ஒரு தலை நுழையும் அளவுக்குத் திறப்பு. நின்று குடிக்கிறவனுக்குப் பிளாஸ்டிக் குவளையில்தான் ஊற்ற வேண்டும். கண்ணாடி எதுவும் வலைக்கு அந்தப் பக்கம் போகக் கூடாது. போத்தலாக வாங்குகிறவன் வாங்கிய கையோடு வெளியே போய்விட வேண்டும். கவுண்டருக்குக் கீழே ஒரு மண்வெட்டிப் பிடி வைத்திருந்தார்கள். பின்னால் பெட்டிகள் அடுக்கிய சின்ன அறையில் ஒரு பெஞ்சு, ஸ்பிரிட், பஞ்சு, ஊசி, நூல். அதுதான் என் இரண்டாவது டிஸ்பென்சரி.

மருந்து அளந்து பழகிய கை என்பதால் நான் கோட்டுக்குச் சரியாக ஊற்றுவேன். கூடவும் இல்லை, குறையவும் இல்லை. குடிக்க வருகிறவர்களுக்கு அதில் ஒரு கேலி. “டொக்டர், நமக்கும் அந்த மருந்துல ஒன்னு” என்பார்கள். வெகு சீக்கிரத்தில் அந்த வட்டாரத்தில் நான் டொக்டர் ஆகிவிட்டேன். உள்ளதைச் சொன்னால் எனக்கு அது பிடித்திருந்தது.

போய்ச் சேர்ந்த இரண்டாவது ஞாயிறே சண்டை. தோட்டத்தின் மேல் டிவிசனுக்கும் கீழ் டிவிசனுக்கும் நடந்த கரப்பந்தாட்டத்தில் ஒரு பந்து கோட்டுக்கு உள்ளே விழுந்ததா வெளியே விழுந்ததா என்பதில் தொடங்கி, ஒருவன் மற்றவனின் காதைக் கடித்துத் துப்புவதில் முடிந்தது. துப்பிய துண்டைத் தரையில் தேடி எடுத்தார்கள். கழுவிப் பார்த்தேன், ஒட்ட வழியில்லை. மிச்சமிருந்த விளிம்பை இழுத்துத் தைத்தேன். அவன் வலி தாங்காமல் என் தொடையைப் பிராண்டினான். வெளியே இன்னும் அடித்துக்கொண்டிருந்தார்கள், சுவர் அதிர்ந்தது. எனக்குப் பயம் வரும் என்று எதிர்பார்த்தேன். வரவில்லை. உடம்பெல்லாம் ஒரு சூடு, ஒரு உற்சாகம். அன்று பசியெடுத்துச் சாப்பிட்டேன்.

அடுத்த மாதம் நானே அடித்தேன். ஒருவன் திறப்பு வழியாகக் கையை விட்டு என் சட்டையைப் பிடித்து இழுத்தான். என் முகம் வலையில் மோதியது. மண்வெட்டிப் பிடி எப்படிக் கைக்கு வந்தது என்று தெரியவில்லை. கவுண்டரைச் சுற்றிப் போய் வாயிலேயே ஒரு போடு போட்டேன். இரண்டு பற்கள் போயின, கீழுதடு பிளந்தது. விழுந்தவனை விட்டிருக்கலாம், விடவில்லை. இன்னும் இரண்டு போட்டேன். பிறகு நானே அவனைத் தூக்கிப் பின்னறைக்குக் கொண்டுபோய், உடைத்த வாயை நானே தைத்தேன். திங்கட்கிழமை காலை அதே ஆள் டிஸ்பென்சரியில் வரிசையில் நின்றான். வீங்கிய வாயால் என்னைப் பார்த்து வெட்கமாகச் சிரித்தான். நான் ரெஜிஸ்டரைத் திறந்து எழுதினேன்: வேலைத்தளத்தில் விழுந்தது.

எங்கள் பக்கத்தில் குடியிருந்த அக்கா ஒருவரைப் பற்றி இனிச் சொல்ல வேண்டும். எங்கள் லயத்து வீட்டு வரிசையில் எங்கள் காம்பராவிலிருந்து மூன்றாவது காம்பரா அவர்களுடையது. அக்காவும் கொழுந்து எடுப்பவர்தான், என் மனைவி வேலை செய்யும் அதே மலையில். கை வேகத்தில் தோட்டத்தில் அவரை மிஞ்ச ஆளில்லை. அவர் கணவரை நான் அண்ணே என்றுதான் கூப்பிடுவேன். பெக்டரியில் வேலை. எந்த வீட்டில் சாவு விழுந்தாலும் முதலில் பாடைக்குத் தோள் கொடுப்பவர், திருவிழாவுக்கு முன்னின்று பந்தல் போடுபவர். பாருக்கு வந்தால் அவரைச் சுற்றி எப்போதும் சிரிப்புச் சத்தம். எனக்கு டொக்டர் என்று பெயர் வைத்ததே அவர்தான்.

நான் பாருக்குப் போன நாலாம் மாதம், ஒரு திங்கட்கிழமை காலை, அக்கா சேலைத் தலைப்பைக் காதில் அழுத்திப் பிடித்துக்கொண்டு வந்தார். காதுக்குள்ளிருந்து இரத்தம் வந்துகொண்டிருந்தது. முந்தின நாள் அண்ணனுக்கு மூன்று முறை ஊற்றியது நான்தான்.

“அடிச்சிட்டாரு தம்பி. அப்புடியே எழுதுங்க” என்றார். “எழுத்துல ஒரு எடத்துல இருக்கட்டும்.”

நான் பேனாவைக் கீழே வைத்தேன். “அக்கா, எழுதுனா பொலிசுக்குப் போகணும். அண்ணனைக் கொண்டு போயிருவாங்க, பெக்டரி வேலை போயிரும். அப்புறம் ஒங்களுக்குத்தானே கஷ்டம்? விழுந்ததுன்னு போட்றேன். நான் அண்ணன்கிட்ட பேசுறேன்.”

நல்லவன் மாதிரிப் பேசினேன். மனதுக்குள் ஓடியது வேறு. பொலிஸ் விசாரித்தால் எங்கே குடித்தான் என்று கேட்கும். யார் ஊற்றியது என்று கேட்கும். டிஸ்பென்சரிக்காரன் பாரில் நிற்கிறான் என்பது தோட்டத்துத் துரைக்குத் தெரிந்தால் என் இரண்டு வேலையும் போகும். அக்கா சேலைத் தலைப்பை மடித்து மறுபடி காதில் வைத்தார். “சரி, ஒங்க இஷ்டம்” என்றார்.

அதற்குப் பிறகு அவர் வந்தபோதெல்லாம் நான் கேட்பதற்கு முன்பே “விழுந்துட்டேன் தம்பி” என்றுவிடுவார். நானும் எழுதிவிடுவேன். விலாவில் மிதித்த தடம், விழுந்தது. புறங்கையில் கொள்ளிக்கட்டை சுட்ட புண், அடுப்படியில் விழுந்தது. உச்சந்தலையில் முடியோடு பிய்ந்த தோல், கொய்யா மரத்திலிருந்து விழுந்தது. அந்த மரத்தை வெட்டி எத்தனையோ வருஷம் ஆகியிருந்தது. அதை எழுதும்போது எனக்கு ஞாபகம் வரவில்லை, அக்காவும் திருத்தவில்லை.

அண்ணனிடம் பேசுகிறேன் என்று சொன்னேன் அல்லவா, பேசவும் செய்தேன். ஒரு சனிக்கிழமை குவளையை நீட்டிக்கொண்டே, அக்காவுக்குக் காது சரியாகக் கேட்கவில்லை, கொஞ்சம் பார்த்து நடந்துகொள்ளுங்கள் என்றேன். அவர் சுற்றி நின்றவர்களைப் பார்த்துக் கண்ணடித்தார். “சரி டொக்டர், இனிமே பாத்து அடிக்கிறேன்” என்றார். பார் முழுக்கச் சிரித்தது. நானும் சிரித்தேன்.

என் கையும் அந்த நாட்களில் மாறிக்கொண்டிருந்தது. பாரில் வாரம் தவறாமல் யாரையாவது தள்ளினேன், அறைந்தேன், கழுத்தைப் பிடித்து வெளியே போட்டேன். கை முந்திக்கொண்டு போகும், யோசனை பின்னால் வரும். வீட்டில் தட்டு விழுந்தால்கூட நான் எழுந்து நிற்பேன். மகள் என் பக்கத்தில் வந்து படுப்பதை நிறுத்திவிட்டாள். அடுத்த வருஷம் பங்குனியில்தான் என் மனைவி, மலைத் தண்ணீர் வந்து கொட்டும் பீலிக்கரையில் வழுக்கி விழுந்து மேலுதட்டைக் கிழித்துக்கொண்டாள். வீட்டிலேயே வைத்து இரண்டு தையல் போட்டேன். அவள் கண்ணை மூடவே இல்லை. ஊசி உள்ளே போய் வெளியே வரும்வரை என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

பங்குனியின் கடைசி ஞாயிறு நான் ஒரு பெரிய காரியம் செய்தேன். பெரிய காரியம் என்று அப்போது நினைத்தேன். உச்சந்தலைக் காயத்துக்குக் கட்டு மாற்ற அக்கா வெள்ளிக்கிழமை வந்திருந்தார். அந்த மாதம் முழுக்க மழை இல்லாமல் மலையில் தண்ணீர் வற்றிப்போயிருந்தது. ஆற்றிலிருந்து நான் தூக்கி வந்த வாளித் தண்ணீரில் அந்தத் தலையைக் கழுவினேன். வாளி முழுக்கச் சிவந்துவிட்டது. அந்த வாளியைக் கொட்டும்போது ஒரு யோசனை வந்தது. இதெல்லாம் குடி செய்கிற வேலை, ஊற்றுகிறவன் நான். நான் ஊற்றாவிட்டால் இது நின்றுவிடும். எவ்வளவு சுலபமான கணக்கு!

ஞாயிறு பிற்பகல் அண்ணன் வந்தார். பார் நிறைந்திருந்தது. அவர் திறப்பில் கையை வைத்ததும் நான் குவளையை எடுக்கவில்லை.

“இன்னைக்கு ஒங்களுக்கு இல்லண்ணே.”

“ஏன், முடிஞ்சு போச்சா?”

“முடியல. ஒங்களுக்கு இல்ல. நீங்க குடிச்சிட்டுப் போயி வீட்ல செய்யுறது எனக்குத் தெரியும். நான்தானே கட்டுப் போடுறேன்.”

பின்னால் நின்ற ஒருவன் களுக்கென்று சிரித்துவிட்டான். அண்ணனின் முகத்தில் எப்போதும் இருக்கும் சிரிப்பு மெதுவாகப் போனது. “அவ ஒங்கிட்ட சொன்னாளா?” என்று கேட்டார். இல்லை என்று சொல்லியிருக்க வேண்டும். பொய்யில் கைதேர்ந்த நான், எழுத்தில் அத்தனை பொய் எழுதிய நான், அந்த ஒரு இடத்தில் வாயைத் திறக்காமல் நின்றேன். அவர் தலையை ஆட்டிக்கொண்டு வெளியே போனார். மூன்று மணிக்கு மேல் இருக்கும். அதற்குப் பிறகு ஒவ்வொருவருக்கும் ஊற்றும்போது நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு ஊற்றினேன். தோட்டத்தில் முதுகெலும்புள்ள ஆள் நான் ஒருவன்தான் என்று அன்று எனக்கு எண்ணம்.

அன்று முதலாளியிடம் சொல்லிவிட்டு நேரத்தோடு கிளம்பி, வெளிச்சம் இருக்கும்போதே லயத்துக்குத் திரும்பினேன். மூன்றாவது காம்பராவின் முன்னால் சனம் நின்றது. அக்கா வாசற்படியில் சாய்ந்து கிடந்தார். அவருடைய வலது கை மணிக்கட்டுக்குக் கீழே தட்டையாக, வேறு பக்கம் திரும்பி இருந்தது. எலும்பு தோலைக் கிழித்துக்கொண்டு வெளியே தெரிந்தது. பக்கத்தில் அம்மிக்குழவி. அண்ணன் அந்தக் கையைப் படியில் வைத்து, மிதித்துப் பிடித்துக்கொண்டு, குழவியால் குத்தியிருக்கிறார். மூன்று முறை குத்தியதாக என் மனைவி சொன்னாள். அவள்தான் ஓடிப்போய்ப் பின்னாலிருந்து அவரைப் பிடித்து இழுத்திருக்கிறாள்.

அண்ணன் எதிரே கருங்கல்லில் உட்கார்ந்திருந்தார். வியர்த்திருந்தது, மூச்சு வாங்கியது, கண் தெளிவாக இருந்தது. நான் கிட்டப் போனேன். எழுந்து என் முகத்தில் ஊதிக் காட்டினார். வாடையே இல்லை.

“பாரு டொக்டர். இன்னைக்கு நான் குடிக்கல” என்றார்.

நான் கட்டுப்போடும் பையை எடுத்துக்கொண்டு அக்காவின் பக்கத்தில் உட்காரப் போனேன். அவர் இடது கையால் என்னைத் தள்ளினார். “இத நீங்க தைக்க வேணாம் தம்பி” என்றார். பல்லைக் கடித்துக்கொண்டுதான் சொன்னார், ஆனால் எல்லாருக்கும் கேட்டது. என் மனைவி த்ரீவீலைக் கூப்பிட்டு, அக்காவின் கையைத் தலையணையில் வைத்துக் கட்டி, டிக்கோயா ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனாள். நான் பையோடு அங்கேயே நின்றேன்.

ஆஸ்பத்திரியில் அக்கா விழுந்தேன் என்று சொல்லவில்லை. அடித்தார் என்றார், எதனால் அடித்தார் என்றார், எத்தனை வருஷமாக என்றார். பொலிஸ் வந்து எழுதியது. அண்ணனைப் பிடித்தார்கள், பிணையில் வந்து தன் தம்பி வீட்டில் தங்கினார். இலவசமாக வழக்குப் பேசும் ஒரு பெண் வழக்கறிஞர் அக்காவுக்குக் கிடைத்தார். அண்ணன் அந்தக் காம்பராப் பக்கமே வரக் கூடாது என்று பாதுகாப்புக் கட்டளை கேட்டு அட்டன் நீதிமன்றத்தில் மனுப் போட்டார்கள். காம்பரா அண்ணன் பெயரில் இருந்தது. கட்டளை கிடைக்காவிட்டால் அவர் தன் வீட்டுக்குத் திரும்பி வருவார், யாரும் தடுக்க முடியாது. “அவரு திரும்பி வந்தா நான் உசுரோட இருக்க மாட்டேன்” என்று அக்கா என் மனைவியிடம் சொல்லியிருக்கிறார். கை சேர்ந்துவிட்டது, ஆனால் விரல்கள் மடங்கவில்லை. கொழுந்தைக் கிள்ளவே முடியவில்லை.

பிறகுதான் எனக்கு அழைப்பு வந்தது. அண்ணனின் வழக்கறிஞர் கேட்டிருந்தது என் ரெஜிஸ்டரை. இரண்டு வருஷத்து ரெஜிஸ்டர்களை எடுத்துக்கொண்டு, எழுதியவன் நேரில் வர வேண்டும். முந்தின நாள் முதலாளி என்னைத் தேடி வந்தார். “மல்லி, எழுதி இருக்கிறத மட்டும் சொல்லுங்க. பார் பேரை எடுக்க வாணாம்” என்றார், அதே மெதுவான குரலில். நீதிமன்றப் படியில் அண்ணன் நின்றிருந்தார். வெள்ளைச் சட்டை போட்டு, நெற்றியில் திருநீறு பூசியிருந்தார். என் தோளில் கை போட்டார்.

“எழுதுனதை எழுதுனபடி சொல்லு டொக்டர். அது போதும். நீ என்ன பொய்யா எழுதுவ?”

சாட்சிக் கூண்டில் ஏறினேன். அண்ணனின் வழக்கறிஞர் ஒவ்வொரு பக்கமாகப் புரட்டி, ஒவ்வொன்றையும் என்னையே வாசிக்கச் சொன்னார். நான் வாசித்தேன், மொழிபெயர்ப்பாளர் சிங்களத்தில் சொன்னார். விறகுக்குப் போய் விழுந்தது. படியில் விழுந்தது. அடுப்படியில் விழுந்தது. மரத்திலிருந்து விழுந்தது. பதினொரு இடம். என் கையெழுத்து நன்றாக இருக்கும், முத்து முத்தாக எழுதுவேன். சம்பவத்தன்று அண்ணன் குடித்திருந்தாரா என்று கேட்டார். இல்லை என்றேன். “அடிக்கடி தடுமாறி விழுகிற ஒரு பெண், குடிக்காத ஒரு கணவன்” என்று நீதவானைப் பார்த்துச் சொல்லிவிட்டு உட்கார்ந்தார்.

அக்கா எதிரே இருந்தார். வலது கையை மடியில் மல்லாத்தி வைத்திருந்தார். அவர் என்னைப் பார்க்கவில்லை, ரெஜிஸ்டரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அக்காவின் வழக்கறிஞர் எழுந்தார். என் மகளின் டியூசன் டீச்சரை விடச் சின்ன வயதாகத் தெரிந்தார். ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். “இவர் விழுந்தார் என்று உங்களுக்குச் சொன்னது யார்?”

சுலபமான பதில் ஒன்று இருந்தது. 'அவரேதான் சொன்னார்.' முதல் முறையைத் தவிர மற்றப் பத்து முறையும் அக்காவே சொன்னதுதான், அதைச் சொன்னால் பொய்கூட ஆகாது. நான் தண்ணீர் கேட்டேன், குடித்தேன்.

“நான்” என்றேன்.

மொழிபெயர்ப்பாளர் என்னைத் திரும்பிப் பார்த்தார். திரும்பவும் சொன்னேன். “விழுந்ததுன்னு சொல்லிக் குடுத்ததே நான்தான். அவங்க அடிச்சாருன்னு எழுதச் சொன்னாங்க. நான் எழுதல. இதுல பதினொன்னும் அடிச்சது. எனக்குத் தெரியும். நான் பார்ல வேலை செய்யுறேன், அவருக்கு ஊத்துனதும் நான்தான், காலையில கட்டுப் போட்டதும் நான்தான். அன்னைக்கு அவரு குடிக்கல, குடிக்காமத்தான் கையை ஒடைச்சாரு.” கொய்யா மரத்தைப் பற்றியும் சொன்னேன். அந்த மரம் இல்லை என்றேன்.

அண்ணன் எழுந்து என்னை நோக்கிப் பாய்ந்தார். பொலிஸ்காரர் இரண்டு பேர் சேர்ந்து பிடித்து அமுக்கினார்கள். பிடியில் திமிறிக்கொண்டே என் அம்மாவைச் சொல்லித் திட்டினார். கூண்டுக்குள் நின்ற என் கை தானாக முஷ்டியாக மடங்கியிருந்தது. நீதவான் அதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தார். கட்டளை அன்றே கிடைத்தது.

என் டிஸ்பென்சரி வேலை அந்த வாரமே போனது. பாருக்கு இனி வர வேண்டாம் என்று முதலாளி ஆள் அனுப்பினார். இப்போது கவ்வாத்துக் கும்பலில் கத்தி பிடிக்கிறேன். அதில் எனக்குக் குறை இல்லை. சொல்ல வந்தது அதுவல்ல.

அன்று நீதிமன்ற வாசலில் அக்கா என்னிடம் வந்தார். கும்பிடப் போகிறார், அழப் போகிறார் என்று நினைத்தேன். அதற்கு என்ன பதில் சொல்வது என்றுகூட மனதில் தயார் செய்துவிட்டேன்.

“உண்மையச் சொன்னீங்க தம்பி, நல்லா இருங்க” என்றார். பிறகு குரலைத் தாழ்த்தினார். “பங்குனி மாசம் பீலியில சொட்டுத் தண்ணி வரல. கல்லெல்லாம் காஞ்சு கெடந்துச்சு. அங்க யாரும் வழுக்கி விழ முடியாது.”

சொல்லிவிட்டு இடது கையால் பையைத் தூக்கிக்கொண்டு பஸ் நிலையத்துக்கு நடந்தார்.

வீட்டுக்கு வந்தேன். மனைவி கொழுந்துக் கூடையைக் கழற்றி மாட்டிக்கொண்டிருந்தாள். கோர்ட்டில் என்ன நடந்தது என்று கேட்டாள். எல்லா உண்மையையும் சொல்லிவிட்டேன் என்றேன். அவள் உதட்டுத் தழும்பில் விரலை வைத்தாள். அதை நான் எவ்வளவு நேர்த்தியாகத் தைத்திருந்தேன் என்பது அந்த வெளிச்சத்தில் தெரிந்தது.

“எல்லாத்தையுமா?” என்று கேட்டாள்.

நான் சட்டைப் பொத்தானைக் கழற்றத் தொடங்கினேன். “அக்கா அந்த வக்கீலம்மா நம்பரை எனக்கும் குடுத்திருக்காங்க” என்றாள். “பத்திரமா வச்சிருக்கேன். எங்கன்னு கேக்காதீங்க.”

கேட்கவில்லை. இன்றுவரை கேட்கவில்லை. இப்போது என்னிடம் ரெஜிஸ்டர் இல்லை, இருப்பது இந்தத் தாள் மட்டும்தான். என் மனைவி பீலிக்கரையில் வழுக்கி விழுந்ததாக மேலே எழுதியிருக்கிறேன். அவள் வழுக்கவில்லை, விழவும் இல்லை. ஒரு ஞாயிறு நான் பாரிலிருந்து வந்து அவள் தட்டில் சோறு போட்டேன். உங்கள் கையில் சாராய வாடை அடிக்கிறது, கழுவிவிட்டுப் போடுங்கள் என்றாள். நான் அடித்தேன். ஒரு சொட்டுக்கூடக் குடித்திருக்கவில்லை.